ஜூலியின் புதுப் பழக்கம்

"நான் இல்லாத நேரத்துல எவன்டா என் ஜூலிய வெளிய இட்டுகினு போறவன்?"

டீக்கடையில் ஜானட் போட்ட சத்தத்தில் எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. ஜூலி அவள் வளர்க்கும் குதிரை. ஞாயிற்றுக்கிழமை குதிரையேற்றப் பள்ளிக்காரர்கள் வந்து ஏறிப் பார்க்கப் போகிறார்கள். ஜூலி சொன்னபடி கேட்டால், பழக்கிய ஜானட்டுக்கும் அங்கேயே வேலை.

கேட்டால்தானே! பத்து நாளாக இடது குதிகாலால் எவ்வளவு அழுத்தினாலும் அசைவதில்லை. கழுத்தில் தட்டினால்தான் திரும்புகிறது. அப்படி அவள் பழக்கவே இல்லை.

"என்னிய இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்றான் முபாஷிர். கல்யாண ஊர்வலத்துக்கு இரண்டு குதிரை வைத்திருப்பவன்.

"காலைல காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போறேன். வந்து பாத்தா ஜூலி வேர்த்து நிக்குது. உன்ன வுட்டா இங்க குதிர ஏறுறவன் எவன் கீறான்? உன் குதிரைய வுட்டுட்டு என்னுத கேட்டு வராங்கன்னு உன்கு வயித்தெரிச்சல்!"

"அல்லா சத்தியமா நான் தொடல, ஜானட்டு."

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. ஹார்பர் விபத்தில் ஒரு காலைப் பறிகொடுத்த கணவன் டென்னிஸ் கட்டிலில் படுத்திருந்தான். மூன்று வருஷமாக சர்ச்சுக்குக்கூட வாசல் தாண்டாதவன்.

"முபாஷிரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லம்மே" என்றான்.

"கட்டில்லயே கெடக்குற ஆளு, உன்கு இன்னா தெரியும்?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நெஞ்சு சுருக்கென்றது. டென்னிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் கூடையோடு கிளம்பியவள் காசிமேடு போகவில்லை. கையில் உருட்டுக்கட்டையோடு கொட்டகைக்குப் பின்னால் பதுங்கினாள். இன்றைக்கு இருக்குது அவனுக்கு!

விடிகிற நேரம். இடிந்த மதில் மேல் ஒருவன் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினான். ஜூலி தானாக வந்து மதிலை ஒட்டி நின்றது. அவன் அதன் முதுகுக்குச் சரிந்து, கழுத்தில் தட்டினான். அரையிருட்டில் முகம் தெரியவில்லை. குதிரை கடற்கரைப் பக்கம் பறந்தது.

பாவி, என்னமாய் ஓட்டுகிறான்! ஜானட்டுக்கு வயிறு எரிந்தது.

திரும்பி வந்தபோது கட்டையை ஓங்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

"மாட்னியா? எறங்குடா கீழ!"

குதிரை நின்றது. மேலே இருந்தவன் சிரித்தான்.

"ஒத்தக் கால வெச்சிகினு எப்பிடி எறங்குறது ஜானட்டு? தோள் குடு."