எட்டு நாற்காலி மேசை

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் பீர்த் தோட்டத்தில் முப்பது வருடமாக எங்களுக்கென்றே ஒதுக்கிய மேசையில் ஒரு சுற்றுலாக்காரி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஜூலை வெயிலில் மூக்கு சிவந்திருக்கிறது. பார்த்த கோபுரங்களையெல்லாம் வட்டம் போட்ட ஊர் வரைபடத்தை 'ஒதுக்கப்பட்டது' என்று பொறித்து மேசையில் பதித்த எங்கள் பித்தளைப் பலகையின் மேலேயே விரித்திருக்கிறாள். ஊரையே பார்த்து முடித்துவிட்ட நினைப்பு. என்னோடு வந்த ஓட்மார் வரைபடத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பலகையைக் காட்டுகிறார். "இது எங்க மேசைம்மா. ஊர் சுத்தத் தெரிஞ்சா போதாது, படிக்கவும் தெரியணும்." "எட்டு நாற்காலி இருக்கே. மத்தவங்க எப்ப வருவாங்க?" என்கிறாள். "அது உங்களுக்கு எதுக்கு?" என்கிறார் ஓட்மார். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போகிறாள். முன்பின் தெரியாதவர்கள் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். இரண்டு வாய் பீருக்குள் அங்கே சிரிப்புச் சத்தம். தனியாக வந்தவளாம். நாங்கள் இரண்டு பேரும் ஆறு காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து நுரை அடங்குவதைப் பார்க்கிறோம்.