ஒரே பெயர்

நோட்டை இரண்டாகக் கிழித்து வெந்நீர் அடுப்புக்குள் திணித்தார் ஞானவேல். தீப்பிடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். வாசலில் மாரிமுத்து நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, அது நம்ம லாரி நோட்டுல்ல?"

"ஏலே, கத்தாத. உள்ள வா."

மலைமேல் வில்பட்டி சாலையில் இருந்த அந்தக் காய்கறிக் கிடங்கில் ஞானவேல்தான் சூப்பர்வைசர். கவுஞ்சிப் பக்கமிருந்து வரும் கேரட்டையும் பூண்டையும் எந்த லாரியில், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு ஏற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலை முழுவதையும் ஒன்று விடாமல் எழுதி, தனக்குக் கீழே வேலை பார்க்கும் மாரிமுத்து கற்றுக்கொள்ளட்டும் என்று அவரே தயாரித்த நோட்டுதான் இப்போது எரிந்துகொண்டிருந்தது.

காரணம், மாடியில் உட்கார்ந்திருந்த முத்துலட்சுமி. பிசினஸ் அனலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு, யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க மூன்று நாளுக்கு முன்னால் வந்திறங்கியிருந்தாள். ஞானவேல் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் இதுவரை பதில் போட்டிராத கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகம், ஒரு வார்த்தை சொல்லாமல் அவளை அனுப்பியிருந்தது.

ஞானவேல் பார்க்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டினாள். அந்த வேலை யாருக்கெல்லாம் தெரியுமோ, அவர்கள் பெயரைச் சீட்டின் கீழே குறித்தாள். திண்டுக்கல் கிடங்கிலும் இப்படித்தான் ஒருவர் வந்து ஒட்டினாராம். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் இருந்த இடத்திலெல்லாம் வயதானவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஞானவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. பழனியில் அவர் மனைவி கந்தம்மாள், பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து படுக்கையில் இருந்தாள். மலைக்குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் மகள்தான் அம்மாவுக்குத் தலை வாரி, சோறு ஊட்டிவிட்டு ஓடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்த வேலையும் போய்விட்டால் மருந்து மாத்திரைக்கு எங்கே போவது?

மாரிமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு கூப்பிட்டுக் கேட்டா, இந்தச் சோலி எதுவும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு மாரிமுத்து."

"என்னண்ணே பேசுறீங்க? நீங்கதான உக்கார வெச்சுக் கத்துக் குடுத்தீங்க? அம்புட்டும் எனக்குத் தெரியும்ணே."

"தெரியும்யா. அதான் பயமா கெடக்கு. இந்த வயசுல எனக்கு யாரு வேலை குடுப்பா? உன் கால்ல வேணாலும் விழுறேன்."

சொன்னதோடு நிற்காமல் குனியவே குனிந்துவிட்டார். மாரிமுத்து பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான். "விடுங்கண்ணே. சொல்லிடுறேன்" என்றான். குரல் செத்துப் போயிருந்தது.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டாள் முத்துலட்சுமி. கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஞானவேல்.

"எந்த லாரி எந்த ஊருக்குன்னு பிரிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்."

"மண் சரிஞ்சு ரோடு அடைச்சா என்ன செய்வீங்க?"

"அண்ணனைத்தான் கேக்கணுங்க."

"ஏழு வருஷமா இங்க என்னதான் செய்றீங்க?"

மாரிமுத்துவின் குரல் கேட்டது. "மூட்டை தூக்குவேங்க."

வெளியே வந்தவன் ஞானவேலை ஏறிட்டும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். அவருக்கு நெஞ்சில் யாரோ மிதித்தது போலிருந்தது. ஆனாலும் உள்ளே போனார்.

"எல்லாத்தையும் நீங்க ஒருத்தரேதான் பாக்கிறீங்களா சார்?"

"ஆமாங்க மேடம். நான் ஒரு நாள் வரலைன்னா இங்க ஒரு மூட்டை நகராதுங்க."

"யாரையாவது பழக்கிவிட முடியாதா? ஒரு மாசம் டைம் குடுத்தா?"

"ஒரு வருஷம் குடுத்தாலும் ஆகாதுங்க. இது சொல்லிக் குடுத்து வர்ற வேலை இல்லை."

முத்துலட்சுமி பேனாவை மூடினாள். திரும்பவும் திறந்தாள். "பழனியில வீட்ல உடம்பு முடியாம இருக்காங்கதானே சார்?"

ஞானவேல் அவள் பேனாவையே பார்த்தார். வேலையை விட்டு அனுப்ப இதையே சாக்காக எழுதிவிடுவாளோ? "இப்ப நல்லா இருக்காங்க மேடம். அதனால என் வேலைக்கு ஒரு எடைஞ்சலும் வராது. நான் இங்கேயே கெடப்பேங்க."

முத்துலட்சுமி எழுந்து போய், மிச்சமிருந்த சீட்டுகளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தாள். சுவரில் பதினேழு சீட்டுகள். பதினேழிலும் ஞானவேல் என்ற ஒரே பெயர்.

மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் அவருக்கு இறங்கியது. கை கூப்பினார். "அப்ப நான் கெளம்பட்டுங்களா மேடம்?"

முத்துலட்சுமி வருத்தத்தோடு லேப்டாப்பை மூடினாள்.

"உங்க இடத்தைப் பாத்துக்க ஒருத்தர் இருந்திருந்தா, லெட்டர்ல நீங்க கேட்டபடி திங்கக்கிழமையே உங்களை நம்ம பழனி ஆபீசுக்கு மாத்தியிருப்போம் சார்."