மாசிலாமணி குளிக்கிறார்

வைட்ஃபீல்ட் முதியோர் இல்லத்தின் குளியலறை வாசலில், மாசிலாமணி கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தங்கவயல் சுரங்கத்தில் பாறை உடைத்த கை. அவரைப் பார்த்துக்கொள்ளும் செண்பகத்தால் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. குளிக்காமல் குளிக்காமல் அவருக்கு அக்குளில் புண் வந்துவிட்டது. "இது பாத்ரூம்பா, பெங்களூர்ல இருக்கீங்க" என்று சொல்லிச் சொல்லி இவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் சில இல்லங்கள் ஒன்றுசேர்ந்து, ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆட்களை மாற்றி அனுப்புகின்றன. அப்படிச் சிவாஜிநகரிலிருந்து வந்திருக்கும் ஸ்டெல்லா, இரைந்து கொட்டும் ஷவரை நிறுத்துகிறாள். "எங்ககிட்டயும் ஒருத்தர் இந்தச் சத்தத்துக்குத்தான் பயந்தார். பக்கெட்ல ஊத்திப் பாக்கலாமா?" சத்தம் ஓய்கிறது. ஈரத் தரையில் ஜன்னல் வெளிச்சம் கோணலாகக் கிடக்கிறது. மாசிலாமணி கூரையை அண்ணாந்து பார்க்கிறார். "சுரங்கத்துக்குள்ள தண்ணி வந்துடுச்சும்மா. பசங்க எல்லாம் மேல ஏறிட்டாங்களா?" வழக்கமான பதில் செண்பகத்தின் வாய்வரை வருகிறது. அதைச் சொல்லவும் தெம்பில்லை. "ஏறிட்டாங்கப்பா. நீங்கதான் கடைசி, வாங்க." அவர் கை கதவு நிலையை விட்டு நழுவி அவள் தோளைப் பற்றுகிறது. அந்தப் பாரத்தோடு அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வெதுவெதுப்பாக ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறாள். அவர் கத்தவில்லை. "சின்னப்பன்?" என்கிறார். "வந்துட்டாருப்பா." "துரைக்கண்ணு?" "அவரும் வந்துட்டாரு." பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெயருக்கு ஒரு மக் ஊற்றிக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒவ்வொருவரையும் செண்பகம் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.