பூவாடைக்காரிக்குப் புடவை

"அந்தப் பொடவைய நீ தொடாத சித்தி! அது எங்கம்மாவுது!"

செண்பகம் கத்திய கத்தலில் கன்னியம்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பலகைமேல் மஞ்சள் தடவி வைத்திருந்த புதுப்புடவை. மடிப்பு சரிந்திருந்தது. நிமிர்த்தி வைக்கத்தான் குனிந்தாள்.

விடிந்தால் செண்பகத்துக்குப் பந்தக்கால். மாப்பிள்ளை செவ்வாப்பேட்டை. தாலியோடு செத்துப்போன பெண் வீட்டில் இருந்தால், பூவாடைக்காரி என்று அவளுக்குப் புடவை வைத்துப் படைத்த பிறகுதான் கல்யாண வேலையைத் தொடுவார்கள்.

அம்மா ரத்னா வாந்திபேதியில் போய்விட்டாள் என்று அப்பன் நாகமுத்து சொல்லித்தான் செண்பகத்துக்குத் தெரியும். பால் மறக்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சொந்த ஊரை விட்டு அத்திப்பட்டு உப்பளத்துக்கு வேலைக்கு வந்தவன் அவன். இப்போது எண்ணூர் பவர் ஹவுஸில் கரி அள்ளுகிறான். செண்பகத்துக்கு ஏழு வயதாகும்போது கன்னியம்மாவைக் கூட்டிவந்து, "இவதான் உன் சித்தி" என்றான். அன்றைக்கு முறைத்தவள்தான் செண்பகம்.

"கோவிச்சிக்காத கண்ணு," என்றாள் கன்னியம்மா. "இன்னிக்கு மட்டும் நானும் கூட நிக்கறேன். உந்தலைல கை வெச்சி ஒரு வார்த்த நல்லபடியா சொல்லிட்டுப் பூடறேன். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"எங்கம்மா சொன்னா போதும். நீ நின்னேன்னு வெய்யி, அது வாசப்படியோட திரும்பிப் பூடும்."

"பின்ன!" என்று பல்லைக் காட்டினாள், படையல் போட வந்த பக்கத்து வீட்டு அங்காளம்மாள். "ரத்னா உசுரோட இருந்திருந்தா, ரெண்டு பேரும் மயிரப் புடிச்சிகினு சண்ட போட்டு இந்தத் தெருவே நாறியிருக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்து வைத்தாள்.

கரித்தூசி போகக் குளித்துவிட்டு நாகமுத்து உள்ளே வந்தான்.

"நைனா, எங்கம்மாவுக்கு இன்னா புடிக்கும்? எலைல வெக்கணும்."

அவன் ஒரு தரம் அடுப்படிப் பக்கம் பார்த்தான். "கேவுரு அட. நெத்திலிக் கருவாட்டுக் கொயம்பு."

"ரெண்டும் செஞ்சிட்டேன்," என்றாள் கன்னியம்மா.

"முன்னாடியே கேட்டு வெச்சிகினியா? எங்கம்மா சோத்துல நீ நல்ல பேரு வாங்கணுமா?"

"செண்பகம்!" என்று அதட்டினான் நாகமுத்து.

"உடுய்யா, சின்னப் பொண்ணுதான," என்றாள் கன்னியம்மா. கொண்டுவந்த சட்டிகளைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அங்காளம்மாள் இலை போட்டாள். விளக்கேற்றிக் கற்பூரம் கொளுத்தினாள்.

"தாயே ரத்னா! உம்பொண்ணு வெச்சத வந்து ஏத்துக்கோ! யோவ் நாகமுத்து, இன்னா மரம் மாதிரி நிக்கிற? உம்பொஞ்சாதிதானய்யா, கையெடுத்துக் கும்புடு."

"என்னால முடியாது. நீங்க கும்புடுங்க."

"செத்தவ மேலகூட இவ்ளோ வைராக்கியமா?"

அவன் அடுப்படிக் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டான்.

செண்பகம் புடவை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "அம்மா... உம்மூஞ்சிகூட எனக்குத் தெரியாதேம்மா... ஒரே ஒரு தபா வந்து எந்தலைல கை வெச்சிட்டுப் போயேம்மா..."

தோள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சிரித்த பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாகமுத்து அடுப்படிக்குள் வந்தான். கன்னியம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் போய், வெளியே கேட்காத குரலில் சொன்னான்.

"நீ அந்த லாரிக்காரன்கூட பூட்டப்போ, செத்துட்டன்னு கொயந்தகிட்ட சொன்னவன் நான். நீ திரும்பி வந்தப்போ மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரல. உங்கால்லதான் உயுந்து கெடக்கறா, ரத்னா... இங்கேருந்தே ஆசீர்வாதம் பண்ணிடு."