நாடிக்கட்டு

ஜெமீல் துணியை வாப்பாவின் நாடிக்குக் கீழே கொடுத்து, இரண்டு காதையும் ஒட்டி மேலே ஏற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான். வலது மேல் இடது, இடது மேல் வலது. தாடை முறிந்தவனுக்குப் போடும் கட்டு.

சாரணர் படையில் முதலுதவிச் சின்னம் ஒன்றுதான் அவனுக்குப் பாக்கி. அதையும் எடுத்துவிட்டால் அவன் ராணிச் சாரணன். லண்டனில் ராஜா போய் ராணி வந்ததில் அந்த உச்சப் பட்டத்தின் பேரும் மாறியிருந்தது.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பரீட்சகர் மட்டக்களப்பிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஜெமீலுக்கோ அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது, அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

இரண்டு மாதமாக நோயாளி வேஷம் வாப்பா பக்கீருக்குத்தான். தறியை விட்டு இறங்கியதும் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார். கட்டுத்துணியும் அவர் நெய்ததுதான்.

பழகத் தொடங்கிய முதல் நாள் நடந்த கூத்து தெருவுக்கே தெரியும். அடுப்படியிலிருந்து வந்த உம்மா ஹாஜறா, நாடியும் காலும் கட்டிக் கிடந்த கணவரைக் கண்டு குழறி அழுதுவிட்டார். பக்கத்து வீட்டார் ஓடி வர, வாப்பா எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

“உசிரோட இரிக்கிற மனிசனுக்கு இந்தக் கட்டுக் கட்டாத மகன்” என்று உம்மா ஏசினார். அதன் பிறகு அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் இருவரும் கட்டிப் பழகினார்கள்.

இன்று துணியை எடுத்துக் கொடுத்ததே உம்மாதான்.

ஜெமீல் கால்மாட்டுக்கு வந்தான். பாதங்களைச் சேர்த்துக் கட்டும்போது வாப்பாவுக்குக் கூச்சம் வந்துவிடும். அவர் நெளிய, முடிச்சுப் பிசகும். இன்று பிசகவில்லை.

சாரணர் மாஸ்டர் அப்துல் ஸமட் ஒன்பது மணிக்கே வீடு தேடி வந்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார்.

பள்ளிக்கூடத்தில் பத்து மணி அடிப்பது கேட்டது. ஜெமீலுக்கு அவசரமும் இல்லை, பயமும் இல்லை. உள்ளே எதுவுமே இல்லை, கை மட்டும் தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தது. உச்சி முடிச்சைத் தொட்டுப் பார்த்தான், மறுபடியும் தொட்டான்.

மாஸ்டர் குனிந்து அவன் தோளில் கை வைத்தார்.

“கட்டு சரியா இரிக்கி, மகன். கைய எடு. மையித்தக் குளிப்பாட்டத் தூக்கணும்.”