தினம் நூறு சொல்

பாண்டி கோயில் வாசலில் சூடம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைக்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யில்லை.

மதுரையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே ஜூடு ஒரு லைப்ரரி செய்திருந்தான். புத்தகம் அடுக்கும் லைப்ரரி இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் ஆப்புக்குள் சொருகிக்கொள்வது. இங்கிலீஷ் சொல் ஒன்றைக் கொடுத்தால் அர்த்தம், எதிர்ச்சொல், பன்மை எல்லாம் கொட்டும்.

சென்னை ஆபீஸ் கறாராகச் சொல்லிவிட்டது. இந்த மாதம் ஒரு நாளாவது தேடல் நூறு சொல்லுக்குக் குறைந்தால் லைப்ரரிக்கு மூடுவிழா. ஜூடுவின் வேலையும் அதோடு போச்சு.

மேனேஜர் தனிஸ்லாஸுக்கு அந்த லைப்ரரியைக் கண்டாலே எரிச்சல்.

"எருமைக்கு அர்த்தம் கேக்க ஒரு லைப்ரரியாப்பா? உசிலம்பட்டி சந்தையில கேட்டா மாடே சொல்லும்!"

ஆனால் எண்ணிக்கை தினமும் சரியாக நூறு. தொண்ணூற்றொன்பது இல்லை, நூற்றொன்று இல்லை. அம்புட்டும் ஒரே போனிலிருந்து. இங்கிலீஷில் எருமை, சட்டைப் பொத்தான், ஜெபமாலை, கதவுக் கீல்... ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

ஜூடு பக்கத்து சீட்டு ஹெப்சிபாவிடம் புலம்பினான். "எவனோ மொத்த அகராதியையும் திருடுறான்க்கா."

"திருடுறவன் நூறோட நிறுத்துவானாடா? ஞாயித்துக்கிழம எப்படி?"

"அன்னைக்கும் நூறுதான். ஆனா சர்ச்சுல பூசை முடியுற நேரத்துக்கு மேலதான் ஆரம்பிக்கிறான்."

"அப்ப மெஷின் இல்ல, மனுசன்தான்."

"பிளாக் பண்ணிரவா?"

"பண்ணுனா உன் எண்ணிக்கை பூச்சியம்டா."

"பண்ணலைன்னா திருட்டுக்கு நானும் உடந்தையில்ல?"

மண்டை காய்ந்துபோய் மேனேஜரிடமே கேட்கப் போனான். கையிலிருந்த போனில் அன்றைய எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று.

தனிஸ்லாஸ் மேசைக்கடியில் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். அறுபத்து நான்கு. அறுபத்தைந்து.

"சார்..."

பதறி நிமிர்ந்தார். எண்ணிக்கை நின்றது.

"அந்தத் தண்ட லைப்ரரியக் கட்டிக்கிட்டு இன்னும் அழுகுறியா நீ?" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அறுபத்தைந்து அசையவே இல்லை.

"சரி, என்ன விசயமா வந்த?"

ஜூடு போனைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல சார்."

"அப்பக் கெளம்பு. எனக்கு ஆயிரம் வேல கெடக்கு."

வெளியே வந்து கதவைச் சாத்தினான். அறுபத்தாறு.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொல்லித்தான் தீருவீர்கள் என்றால், நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள். பாவம், மனுசனுக்கு இன்றைக்கு இன்னும் முப்பத்து நான்கு சொல் பாக்கி.