சத்தமில்லாத டயர்கள்

“இதில சத்தம் குறைஞ்சது எது?” என்று அருளப்பு மூன்றாவது முறையாகக் கேட்டார்.

டயர் கடைச் சயந்தன் அலுத்துக்கொள்ளவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்தவற்றில் இரண்டை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் சாய்த்து வைத்தான்.

ஒன்றில் வெட்டுகள் ஆழமாக, கட்டை கட்டையாக இருந்தன. கிரவல் ரோட்டுக்கு நல்லது, வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் தார் ரோட்டில் இரையும் என்றான். மற்றதில் வெட்டுகள் மெல்லிய கோடுகளாக ஓடின.

“இது சொகுசு அண்ணை. பள்ளம் திட்டி தெரியாது. ஆனாக் கெதியாத் தேஞ்சு போகும்.”

அருளப்பு குந்தியிருந்து அந்த ரப்பரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். மெத்தென்றிருந்தது. சந்தையில் அவருடைய மீனை வாங்க வருகிறவர்கள் இப்படித்தான் அமத்திப் பார்ப்பார்கள்.

“ஓடேக்க, பக்கத்தில இருக்கிற ஆள் மெல்லமாக் கதைச்சாக் கேக்குமோ?”

“கதைக்கிறதென்ன, மூச்சு விட்டாலே கேக்கும்.” சயந்தன் சிரித்தான். “ஆரண்ணை, வெளிநாட்டில இருந்து ஆக்கள் வருகினமோ?”

“இல்லைத் தம்பி. மனிசிக்கு.”

நாலு டயரையும் மாற்றச் சொன்னார்.

அவர் மனைவி ஜெயந்தா அந்த நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு படுத்திருந்தாள். மருந்து ஏறி முடிய நான்கு மணித்தியாலம் ஆகும். தொண்டைப் புற்றுக்குச் செய்த ஒப்பரேஷனோடு அவளுக்குக் குரல் போய்விட்டது. மிஞ்சியது வெறும் காற்று.

வீட்டில் அவள் அந்தக் காற்றையும் செலவழிப்பதில்லை. மகள் லோஜனா என்ன கேட்டாலும் தலையசைப்புத்தான். வாராவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, காரில் மட்டும் கதைப்பாள். தங்கள் ஊர் நாரந்தனை போய்ச் சேரும் வரைக்கும், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, உதடு அசைந்தபடியே வரும்.

அருளப்புவுக்கு ஒரு சொல் விளங்காது. டிக்கி வைத்த அந்தப் பழைய வெள்ளைக் கார் தேய்ந்த டயர்களில் அப்படி இரையும். போதாததற்கு, முப்பது வருடம் என்ஜின் படகில் தொழிலுக்குப் போன காது. முதல் நாள் அவர் ‘என்ன, என்ன’ என்று கேட்டார். அவள் குரலை உயர்த்தப் பார்த்து இருமினாள். வாயைத் துடைத்த லேஞ்சியில் இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பின்னேரம் அவளை ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்துக்கு வந்தபோது அவரால் தன் காதை நம்ப முடியவில்லை.

வெளியே காற்று வீசுவது கேட்டது. அவள் மடியில் இருந்த மருந்துப் பை சரசரப்பது கேட்டது. இருபக்கமும் கடல் ஈயம் மாதிரிக் கிடந்தது. கார் நடுவே வழுக்கிக்கொண்டு போனது.

அவர் காத்திருந்தார்.

இத்தனை நாளும் என்ன கதைத்திருப்பாள் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கோழிகள், பேத்தியின் பள்ளிக்கூடம், பெருநாளுக்கு எடுக்க வேண்டிய சீலை. கதைக்கும்போது அவள் முகம் அவ்வளவு அமைதியாக இருக்கும்.

மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் அவள் திரும்பினாள்.

“புது ரயரோ?”

காதுக்குள் சொன்னது போல் கேட்டது. அருளப்பு சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

“ஏன் வீணா? இண்டையோட எங்கட பயணம் முடியுதுதானே.”

“என்ன சொல்றீர்?”

“மருந்தைத்தான். இண்டையோட காணும், நிப்பாட்டுவமெண்டு கதைச்சு வைச்சனாங்கள்தானே. டொக்டரும் இனி உங்கட விருப்பமெண்டு சொல்லிப்போட்டார்.” அவள் நிறுத்தி மூச்செடுத்தாள். “லோஜனாவுக்கு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ. அவள் அழுவாள். என்னால ஏலாது.”

“எப்ப கதைச்சனாங்கள்?”

“ஒவ்வொரு கிழமையும் இந்த ரோட்டிலதானே சொல்லிக்கொண்டு வந்தனான். நீங்களும் ஓம் எண்டுதானே சொன்னனீங்கள்.”

சொன்னவர்தான்.

அவள் உதடு ஓயும் இடம் பார்த்து, ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். கேட்கவில்லை என்று தெரிந்தால் மறுபடியும் குரலை உயர்த்துவாள், மறுபடியும் இரத்தம் வரும் என்ற பயத்தில் சொன்னது.

“மாட்டனெண்டு நிப்பீங்கள் எண்டு பயந்துகொண்டிருந்தனான். நீங்கள் ஓமெண்ட பிறகுதான் எனக்கு நித்திரையே வந்தது.”

அதுவும் உண்மைதான். ஒரு மாதமாக அவள் அடித்துப்போட்டது போல நித்திரை கொள்கிறாள். மருந்து பிடித்துவிட்டது என்று அருளப்பு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இன்று காலையும் லோஜனாவிடம் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தார்.

அல்லைப்பிட்டியில் பனை வடலிகளுக்குப் பக்கத்தில் காரை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு தரம் போய்ப் பார்ப்போம் என்று சொல்ல நினைத்தார். இத்தனை நாளும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நான் எதற்கும் சம்மதிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

ஜெயந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறிய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. கை மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது. முகத்தில் மட்டும் கலக்கம் எதுவும் இல்லை.

“சொல்லுவீங்கள்தானே?”

காருக்குள் வேறு சத்தமே இருக்கவில்லை.

“ஓம்,” என்றார் அருளப்பு.

இந்த முறை, கேட்டுவிட்டுச் சொன்னார்.